முட்டளவு

இருமத்தூர்ப் பாலத்துக்குக் கீழே
ஆறு என்று அதைச் சொல்ல முடியாது.
பாறைக்கும் பாறைக்கும் நடுவே
தேங்கிக் கிடந்த ஏழெட்டுக் குட்டைகள்,
ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துவைக்க
மெனக்கெட்டு ஓடும் விரல் கனத் தண்ணீர்.
மோட்டார் பைப்புகள் அதிலும் வாய் வைத்திருந்தன.

தீர்த்தகிரி செருப்பைக் கழற்றிவிட்டுப்
பெருவிரலால் ஒரு குட்டையைத் தொட்டான்.
"மேல சுடுது. மீனு கீழ இருக்குது."
தூண்டில் கையிலிருந்தால்
நாடி பிடிக்கிற ஆள் மாதிரிதான் பேசுவான்.

தூண்டில் அவனுடையது:
மூங்கில் கழி, நரம்பு, பழைய செருப்பில் வெட்டின தக்கை.
மாவு நான் கொண்டுவந்தது.
முதல் நாள் ராத்திரி பரோட்டாக் கடையில் கேட்டு வாங்கிப்
பிண்ணாக்கு போட்டுப் பிசைந்தது.
அதோடு
சட்டைப்பையில் நாலாய் மடித்த கடிதம் ஒன்றும்.

கேட்டுட்டு வா என்றுதான் அனுப்பினாள் சுகந்தி.
பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்ற
அவன் வாங்கிய டாட்டா ஏஸுக்கு
ஜாமீன் கையெழுத்து என்னுடையது.
கிலோ நாலு ரூபாய்க்கு வந்த மாதம்
வண்டி நின்றது.
தவணை நிற்கவில்லை.

முதல் ஜிலேபி பத்து நிமிடத்தில் வந்தது,
உள்ளங்கை அகலம்.
பின்னாலேயே இரண்டு.
போக இடமில்லாத மீன்கள்
மாவைப் பார்த்து யோசிப்பதில்லை.
சரி, இப்போது கேட்கலாம் என்று வாயெடுத்தேன்.
"சத்தம் போடாத" என்றான்
தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பதினோரு மணிக்கு மேல் முள் மாட்டிக்கொண்டது.
"பெருசுடா!"
கழி வளைந்ததே தவிர எதுவும் அசையவில்லை.
முட்டளவுதானே, நான் போறேன் என்று இறங்கினேன்.
இரண்டடி முட்டளவு.
மூன்றாவது அடி
யாரோ லாரி லாரியாய் மணல் அள்ளிய பள்ளம்.
மார்வரை போனேன்.
மே மாதத்தில் அப்படியொரு குளிர்
எங்கே ஒளிந்திருந்ததோ.

கையில் கம்பி பட்டது. துழாவினேன்:
தும்பிக்கை வளைவு, தொப்பை வளைவு.
போன ஆவணியில் யாரோ கரைத்த பிள்ளையார்.
மேல்பூச்சும் வர்ணமும் போய்க்
கட்டுக்கம்பியும் கொஞ்சம் வைக்கோலுமாய் உட்கார்ந்திருந்தார்.
அவர் வயிற்றில் குடியிருந்த குஞ்சு மீன்கள்
என் விரலைக் கொத்திப் பார்த்தன.
முள்ளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கரையேறி நனைந்ததையெல்லாம் பாறையில் பரப்பினேன்.
செல்போன், இருநூறு ரூபாய்த் தாள், பஸ் டிக்கெட்,
கடிதம்.
பரப்பிய பிறகுதான் உறைத்தது.
அச்செழுத்தைத் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை.
தீர்த்தகிரி, தகப்பனார் பெயர், மூன்று தவணை நிலுவை,
கீழே பிணையதாரர் என்று நான்.

காற்று ஓரத்தைத் தூக்கியது.
அவன் குனிந்தான்.
கண்ணாடி இல்லாமல் படிக்க வராது அவனுக்கு
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிப்
பறக்காமலிருக்க அதன்மேல் வைத்தான்.
பிறகு மாவை உருட்டினான்.
வெகுநேரம் ஒரே உருண்டையை உருட்டினான்.

பதினாலு ஜிலேபி, ரெண்டு கெளுத்தி.
எப்போதும் பாதிப் பாதி.
அன்று எல்லாவற்றையும் என் பையில் கொட்டினான்.
"உனக்கு?"
"வட்டின்னு வச்சுக்க."
முதலில் சிரித்தது நான்தான்.
அப்புறம் அவன்,
பாலத்தின் அடிவயிற்றில் பட்டு
எங்களுக்கே திரும்பி வருமளவு.

பஸ்ஸில் கெளுத்தி முள் பையைக் கிழித்துக்கொண்டு
கம்பைநல்லூர் தாண்டும்வரை
தொடையைக் குத்திக்கொண்டே வந்தது.

செதில் சுரண்டியபடி சுகந்தி கேட்டாள்:
"என்ன சொன்னாரு?"

"தண்ணி ரொம்பக் கம்மி" என்றேன்.